ஒற்றை இருக்கை வண்டியில் என் மனைவி

போன வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்னையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வரும் கார் பந்தயத் திடலில் நடந்தது இது. நான் பந்தயக்காரன் இல்லை. மயிலாப்பூரில் காது கேட்கும் கருவி விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். காது பரிசோதனைதான் என் படிப்பும் பிழைப்பும். பந்தயம் ஓட்டியது என் மனைவி.

அவள் பல் டாக்டர். அடையாறில் ஒரு மாடியில் கிளினிக் வைத்திருக்கிறாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது, பள்ளிக்கூடம் போகும் பெண் ஒருத்தி இருக்கிறாள். தினமும் காலையில் நான்தான் காரில் மந்தைவெளி வழியாகப் போய், அடையாறு பாலத்தைத் தாண்டி மனைவியை இறக்கிவிட்டு வருவேன். சாயங்காலம் அவள் ஆட்டோவில் வந்துவிடுவாள். லைசென்ஸ் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில் அவளும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருப்பேன். என் முன்னால் பிரேக் இல்லை என்பதே எனக்கு ஞாபகம் இருக்காது. காலால் தரையை அழுத்திக்கொண்டே வருவேன். வாய் சும்மா இருக்காது. "பாத்து, பாத்து, பஸ் வரான், அவன் வரட்டும் விடு" என்று லஸ் முனையிலிருந்து வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சாவி என் கைக்கே வந்துவிட்டது. எப்போது வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. யாராவது விசாரித்தால், "அவளுக்கு ரோடுன்னா பயம்" என்பேன். அவளும் மறுத்துப் பேசியதில்லை.

அப்படிப்பட்டவள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூடப் படித்த டாக்டர்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோ-கார்ட்டிங் என்று சின்னப் பந்தய வண்டி ஓட்டும் விளையாட்டுக்குப் போய்விட்டு வந்தாள். முகமெல்லாம் புழுதி. ஆனால் அன்றைக்கு அவள் சிரித்த மாதிரி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடுத்த மாதமும் போனாள். பிறகு ஒருநாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பந்தயக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியில் சேரப்போவதாகச் சொன்னாள். வாரக் கடைசியில் மட்டும்தான், தன்னைப் போல வேலை பார்ப்பவர்களுக்கென்றே இருக்கிறது என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன். யோகா வகுப்பில் சேர்ந்து மூன்று வாரத்தில் நின்றவள்தானே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

நிற்கவில்லை. எங்கள் வீட்டு பால்கனிக் கொடியில் ஹெல்மெட்டுக்குள் போடும் துணி முகமூடி காய ஆரம்பித்தது. கீழ்வீட்டு மாமி, ஸ்கூட்டி வாங்கிவிட்டீர்களா என்று கேட்டார். நாலைந்து தடவை பயிற்சிக்குப் போய்வந்தாள். ஒருமுறையும் நான் கூடப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் பாதி நாள் கடை உண்டு. முதல் பந்தயம் என்றபோதுதான், "நான் வரட்டுமா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாங்கோ" என்றாள். அந்த யோசனைக்கு என்ன அர்த்தம் என்று நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

அங்கே போய் அவள் ஓட்டப்போகும் வண்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நான் டிவியில் பார்த்த பந்தயக் கார்களை மனதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். இது குளியல் தொட்டி ஒன்றுக்கு நாலு சக்கரம் மாட்டிய மாதிரி இருந்தது. கதவு இல்லை. கூரை இல்லை. சக்கரங்கள் நாலும் உடம்பை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரே ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்த மாதிரி உட்கார வேண்டும். தலை மட்டும் வெளியே தெரியும். பயிற்சியாளர் அவள் தோள்மேல் பெல்ட்டை வைத்து இழுத்து இறுக்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. கோடம்பாக்கத்துக்காரர், ஒருகாலத்தில் தானும் ஓட்டியவர். அவர் இழுத்த இழுப்பில் அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. வண்டிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு செருப்பு நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது.

அன்றைக்கு இரண்டு பந்தயம். காலையில் ஒன்று, மத்தியானத்துக்கு மேல் ஒன்று. ஓட்டியவர்கள் எல்லோரும் அவளைப் போலத்தான். ஒருவர் கட்டட இன்ஜினீயர், ஒருவர் தி.நகரில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர், இரண்டு மூன்று சாஃப்ட்வேர் ஆட்கள். பன்னிரண்டு பேரில் பெண் என்று பார்த்தால் இவள் ஒருத்திதான். வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி, டயரும் ஒரே மாதிரி. "வண்டில வித்தியாசமே கிடையாது சார். கால்லதான் வித்தியாசம்" என்றார் பயிற்சியாளர்.

காலைப் பந்தயம் நல்ல வெயிலில் நடந்தது. மூன்றாவது வளைவுக்கு எதிரே வேலி ஓரமாக நான் இடம் பிடித்துக்கொண்டேன். நீண்ட நேர்ச் சாலை முடிந்து வண்டிகள் வலதுபக்கம் திரும்பும் இடம் அது. முதல் சுற்றில் அந்தக் கூட்டம் வந்த சத்தத்தில் என் காது அடைத்துப்போனது. அத்தனை வேகத்தில் வந்து அவள் திரும்பியதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கை தானாக மேலே போனது. மெதுவா, மெதுவா என்று உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தேன். அடுத்த சுற்றிலும் அசைத்தேன். கடைசிச் சுற்று வரை விடவில்லை. அவள் எனக்கு முன்னால் வரும்போதெல்லாம் இன்ஜின் சத்தம் ஒரு கணம் இறங்கி மறுபடி ஏறியது. நம் பேச்சைக் கேட்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பத்தாவதாக வந்து முடித்தாள். முழுசாகத் திரும்பி வந்தாளே, அது போதும் என்றிருந்தது எனக்கு.

வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் போனபோது அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

பயிற்சியாளர் வந்து என்னிடம்தான் கேட்டார். "சார், வீட்டுல எதுனா பிரச்னையா? மேடத்துக்கு உடம்பு சரியில்லையா?"

ஏன் என்றேன்.

"பிராக்டீஸ்ல மூணாவது கார்னர்ல மேடம் ஆக்சிலரேட்டர்லருந்து கால எடுக்கவே மாட்டாங்க. எங்க பசங்களே வேடிக்கை பார்ப்பாங்க. இன்னைக்கு ஒவ்வொரு வாட்டியும் நடு வளைவுல கால எடுக்கிறாங்க. அது ரொம்பத் தப்பு சார். வளைவுக்கு முன்னாடி எவ்ளோ வேணா குறைச்சுக்கலாம். உள்ள நுழைஞ்சப்புறம் மனசு மாறக் கூடாது. பாதில கால எடுத்தா பின்பக்கம் லேசாகிடும், வண்டி அப்படியே சுத்திடும். வெயில்ல ரோடு காஞ்சு இருந்ததால தப்பிச்சாங்க."

அவர் போனபிறகு அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏன்னா, நீங்க அங்க நின்னுண்டு கையைக் காட்டினேள். முதல் சுத்துல பாத்துட்டேன். அப்பறம் அந்த இடம் வந்தாலே என் கண்ணு ரோடைப் பாக்கலை, உங்க கையைத்தான் தேடித்து. கால் தானா எழுந்துடறது. லஸ்ல ஓட்டறச்சேயும் இதேதான். எனக்கு ரோடுன்னா பயம் இல்லை. நீங்க பக்கத்துல உக்காந்தாதான் பயம்."

பதினாறு வருஷமாக இதை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இந்த வண்டில ஒரே சீட். பக்கத்துல யாரும் உக்கார முடியாது. இதுல எனக்குப் பிடிச்சதே அதுதான்" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மத்தியானம் என் கண்ணுல படாத இடமாப் பாத்து நில்லுங்கோ. இல்லேன்னா ஆத்துக்குக் கிளம்பிடுங்கோ. கோச்சுக்காதேங்கோ" என்றாள்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கோபம் வந்தது, அதற்குக் கீழே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. கேன்டீனில் லெமன் சாதம் வாங்கி இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேற்கே வானம் கறுத்தது. சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அதிலும் வினோதம், திடலின் ஒரு பாதியில்தான் மழை. நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் வெயில் அடித்துக்கொண்டே இருக்க, எதிர்ப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் திரை கட்டினாற்போல் கொட்டியது.

மழை குறைந்து தூறலானதும் பந்தயம் உண்டு என்று அறிவித்தார்கள். இந்தப் பிரிவில் மழைக்கென்று தனி டயர் கிடையாது. மூன்று பேர் வரவில்லை என்று சொல்லி விலகிக்கொண்டார்கள். ஜவுளிக் கடைக்காரரும் அதில் ஒருவர். "பசங்க ரெண்டு பேரு இருக்காங்க சார், நமக்கு எதுக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதை அப்படியே அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

பயிற்சியாளர் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எப்போதும் வண்டிகள் போகிற தடத்தில் டயர் ரப்பரும் எண்ணெயும் படிந்திருக்கும், தண்ணீர் பட்டால் சோப்புத் தேய்த்த மாதிரி வழுக்கும், பின்பக்க வளைவில் அந்தத் தடத்தை விட்டு வெளியோரமாகப் போங்கள், அங்கே தரை சொரசொரப்பாக இருக்கும் என்றார். முன்கூட்டியே நன்றாக வேகத்தைக் குறைத்துவிடுங்கள், குறைத்தபின் காலை அசைக்காதீர்கள் என்றார். அவள் நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "முதல் ரெண்டு சுத்து பாக்கறேன். முடியாதுன்னு தோணித்துன்னா உள்ள வந்துடறேன்" என்றாள். அதை எனக்காகச் சொன்னாளா, அவருக்காகவா, தெரியவில்லை.

நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அவள் கண்ணில் படாத இடம் எது என்று விசாரித்துக்கொண்டு திடலைச் சுற்றி நடந்தேன். பின்பக்க வளைவுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையும் அதன் அடியில் ஆம்புலன்ஸும் நின்றிருந்தன. முன்னால் கம்பி வேலி, அதற்கு முன்னால் பழைய டயர்களை அடுக்கிக் கட்டிய சுவர். அந்த டயர்ச் சுவரின் மறைவில் நின்றால் ஓட்டுபவர்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் இடைவெளி வழியாக எனக்கு வளைவு முழுசும் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் டிரைவர் இறங்கி வந்தார். "இன்னா சார், இங்க வந்து நின்னுகினுகீறீங்க? அந்தாண்ட ஸ்டாண்டு கீதே."

என் மனைவி ஓட்டுகிறாள் என்றேன்.

"வூட்டம்மாவா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பயப்படாத சார். நான் இங்க வண்டிய போட்டுகினு தூங்கினதுதான் ஜாஸ்தி" என்றார். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி வேலியிலிருந்து என்னை இரண்டடி பின்னால் இழுத்தார்.

பந்தயம் ஆரம்பித்தது எனக்குக் கண்ணில் தெரியவில்லை. காதில் தெரிந்தது. வெயில் பக்கத்திலிருந்து வண்டிகள் கூட்டமாக வரும் சத்தம் பெரிதாகி, பிறகு எங்கள் பக்கத்து ஈரத்தில் நுழைந்ததும் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. என் தொழில் அப்படி, சத்தத்தைப் பிரித்துக் கேட்காமல் எனக்கு இருக்க முடியாது. ஒவ்வொரு வண்டியும் வளைவுக்குள் வந்ததும் இன்ஜின் தடுமாறியது. இறங்கி, ஏறி, பயந்துபோய் மறுபடி இறங்கியது. ஓட்டுபவரின் மனசு மாறுவது அப்படியே காதில் விழுந்தது. ஏழெட்டு வண்டிக்கு அப்புறம் வந்த ஒரு வண்டி மட்டும் வளைவுக்கு வெகுமுன்னாலேயே சத்தத்தை ஒரேயடியாக இறக்கிக்கொண்டது. அப்புறம் வளைவு முடிகிற வரை தம்பூரா மாதிரி ஒரே சுருதியில் நின்றது. எல்லோரும் உள்பக்கமாகப் போக, அது மட்டும் வெளியோரமாக, எங்களை ஒட்டி வந்தது. நீலநிற ஹெல்மெட். அவள்தான்.

மூன்றாவது சுற்றில் இரண்டு பேர் சுழன்று புல்லில் இறங்கினார்கள். ஒருவர் தானாகவே மெதுவாக உள்ளே திரும்பிப் போய்விட்டார். ஒவ்வொரு சுற்றிலும் அவளுக்கு முன்னால் இருந்த வண்டிகள் குறைந்துகொண்டே வந்தன. நான் டயர்ச் சுவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கையைக் கட்டிக்கொண்டது அது எழுந்துவிடக் கூடாதே என்பதற்காக.

எந்தச் சுற்று என்று ஞாபகம் இல்லை. வெள்ளை வண்டி ஒன்று முன்னால் வந்தது. அதன் பின்னால், அது கிளப்பிய நீர்ப்புகைக்குள், அவள். வெள்ளை வண்டியின் சத்தம் நடுவளைவில் வெட்டினாற்போல நின்றதை நான் முதலில் கேட்டேன், அப்புறம்தான் பார்த்தேன். அதன் பின்பக்கம் வழுக்கி, வண்டி முழுதாக ஒரு சுற்று சுற்றி, சாலைக்குக் குறுக்கே நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது. ஓட்டியவரின் தலை வருகிற வண்டிகளுக்கு நேராக வெளியே தெரிந்தது. சுற்றிலும் புகை மாதிரித் தண்ணீர்.

அவள் சத்தம் குறையவில்லை.

அவள் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். பார்த்திருந்தால் சத்தம் குறைந்திருக்க வேண்டுமே. அதே சுருதியில் அது நெருங்கி வந்தது. "பிரேக்! பிரேக் பிடி!" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் இருப்பவளுக்கு அது எங்கே கேட்கும்? ஆம்புலன்ஸ் டிரைவர் என்னை விட்டுவிட்டுத் தன் வண்டியைப் பார்த்து ஓடினார். எனக்குக் கண் மூடிக்கொண்டதா, நீர்ப்புகை மறைத்ததா, இன்றைக்கும் சொல்லத் தெரியாது. டயர்ச் சுவருக்கு மறுபக்கத்தில், கைநீட்டினால் தொடும் தூரத்தில், பெரிய சத்தம் ஒன்று கடந்தது. சேற்றுத் தண்ணீர் என் முகத்திலும் சட்டையிலும் வாரி அடித்தது. மோதுகிற சத்தத்துக்காகக் காது காத்திருந்தது. அது வரவில்லை. அப்புறம் என் காதில் எதுவுமே விழவில்லை.

டிரைவர் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார். "போய்ட்டாங்க சார். உங்க வூட்டம்மா போய்ட்டாங்க."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்தேன். எங்கள் பெண் டியூஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாள், அவளிடம் என்னவென்று சொல்வது என்ற ஒரே நினைப்புதான் இருந்தது.

அவருக்கு என் முகத்தைப் பார்த்துத்தான் தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கிறது என்று புரிந்தது. பதறிப்போய் ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினார். "ஐயோ, அது இல்ல சார். தாண்டிப் போய்ட்டாங்கன்னேன். அந்தாண்ட பாரு, போய்க்கினேகீறாங்க பாரு."

பார்த்தேன். வெயில் பக்கத்தில் நீலப் புள்ளி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதற்குள் சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த வண்டிகள் ஊர்ந்து வந்து நின்றன. வெள்ளை வண்டிக்காரர் பெல்ட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் திடலைச் சுற்றி ஓடினேனா நடந்தேனா தெரியாது. கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என் சட்டையில் இருந்த சேற்றை அவள் கவனிக்கவில்லை. வெள்ளை வண்டிக்காரரை அப்போதுதான் அழைத்து வந்தார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். நேராக அவளிடம் வந்தார்.

"டாக்டர், நீங்க பிரேக் அடிச்சிருந்தீங்கன்னா..." என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. தன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்காட்டினார். அவ்வளவுதான்.

பயிற்சியாளர்தான் எனக்கு விளக்கினார். அந்த ஈரத்தில் பிரேக்கை அழுத்தியிருந்தால் சக்கரம் உருளாமல் இறுகிப்போய், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் வழுக்கிக்கொண்டு போயிருக்குமாம். நேரே இருந்தது அந்தப் பையனின் தலை. காலைப் பாதி எடுத்திருந்தாலும் இவளும் சுழன்று பக்கவாட்டில் அவன்மேல் போய் விழுந்திருப்பாள். காலை அசைக்காமல், வெள்ளை வண்டிக்கும் டயர்ச் சுவருக்கும் நடுவில் இருந்த அந்தச் சொரசொரப்பான ஓரத்தில் வண்டியை விட்டதால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். எவ்வளவு இடம் இருந்தது என்று நான் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு வண்டியைப் பார்க்கப் போனார்.

"நீ அவனைப் பாக்கலையோன்னு நெனச்சேன்" என்றேன் அவளிடம்.

"பாத்தேன். பாத்ததும், அவனைப் பாக்கக் கூடாதுன்னு தோணித்து. பக்கத்துல காலியா இருந்த இடத்தை மட்டும் பாத்துண்டேன். சுவத்தையும் பாக்கலை." சொல்லிக்கொண்டே வந்தவள் அப்போதுதான் என் சட்டையைப் பார்த்தாள். முகத்தையும் பார்த்தாள். "இதென்ன இத்தனை சேறு? நீங்க எங்க நின்னுண்டிருந்தேள்?"

"அந்தச் சுவத்துக்குப் பின்னாடிதான்" என்றேன்.

அவள் முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே வடிந்ததை நான் பார்த்தேன். வெள்ளை வண்டியைத் தாண்டியபோது வராத பயம் அப்போது வந்தது அவளுக்கு. வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கயா நின்னேள்?" என்றாள். குரலே இல்லை. "தெரிஞ்சிருந்தா பிரேக் பிடிச்சிருப்பேனே."

சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. நான் பின்னாலேயே போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். அவள் நெற்றி நெருப்பாகக் கொதித்தது, என் கை சில்லிட்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பந்தயத்தை நிறுத்திய நேரத்துக் கணக்குப்படி அவள் ஐந்தாவதாக வந்திருக்கிறாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். ஜவுளிக் கடைக்காரர் கை கொடுத்தார். அவள் எல்லோருக்கும் சிரித்தாள். திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். பூந்தமல்லி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். "இனிமே போகாதேன்னு சொல்லப்போறேளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்ல நான் எத்தனை சிரமப்பட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். என் தோளில் சாய்ந்துகொண்டாள். கடைக்காரர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெண் கேட்ட முதல் கேள்வி, "எத்தனாவதும்மா?" என்பதுதான். மறுநாள் காலை அவள் கிளினிக்கில் இரண்டு வேர் சிகிச்சை முடித்தாள். நான் கடையில் ஒரு பெரியவருக்குப் பரிசோதனை செய்தபோது, காதில் சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிஞ்சிருந்தா பிரேக் பிடிச்சிருப்பேனே என்று அவள் சொன்னது நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று இத்தனை வருஷம் நான் பட்ட கவலை, அன்றைக்கு அவள் கண்ணில் பட்டிருந்தால் அவளையும் அந்தப் பையனையும் சேர்த்தே கொன்றிருக்கும். நான் டயர்ச் சுவருக்குப் பின்னால் மறைந்து நின்றதால்தான் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். நான் செய்த உதவி அவ்வளவுதான், அதையும் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் செய்தேன்.

இப்போதும் அவள் பந்தயத்துக்குப் போகிறாள். சில சமயம் நானும் கூடப் போகிறேன். எங்கே நிற்பேன் என்று நான் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. பயம் எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அது என்னுடைய பயம், நான்தான் அதை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அதை அவள் கால்மேல் கொண்டுபோய் இறக்கிவைக்கக் கூடாது என்பது, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரியாமல் போய், சேற்றில் உட்கார்ந்த அந்த நாளில்தான் தெரிந்தது.